தடுத்ததற்குக் கணக்கு இல்லை: ஜர்னைல் சிங் என்ற டிஃபண்டரின் கதை

பர்கூர் சிப்காட்டிலோ, ஓசூரிலோ, அத்திப்பள்ளி தாண்டியோ வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு ஷிஃப்ட் முழுக்க லைன் நிற்காமல் ஓடினால் மெயின்டனன்ஸ் ஆட்களின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைய உற்பத்தி எவ்வளவு என்பதுதான் போர்டில் ஏறும். லைன் பத்து நிமிஷம் நின்றால் மட்டும் முதல் போன் அவர்களுக்குத்தான். நடந்த வேலைக்கு நம்பர் உண்டு. நடக்காமல் பார்த்துக்கொண்ட கோளாறுக்கு நம்பர் கிடையாது.

கால்பந்தில் அந்த வேலையைச் செய்பவர் டிஃபண்டர். அவர் பிழை செய்தால் ஸ்கோர்போர்டில் தெரியும். பிழை செய்யாவிட்டால் எதுவுமே தெரியாது.

இந்தியக் கால்பந்து கண்ட டிஃபண்டர்களில் மிகச் சிறந்தவராகப் பலரும் சொல்லும் பெயர் ஜர்னைல் சிங். பத்து வருஷத்துக்கு மேல் எதிரணி கோல்களைத் தடுப்பதே அவர் வேலை. ஆனால் இன்று அவர் பெயரைத் தேடினால் முதலில் கிடைப்பது அவர் அடித்த ஒரு கோல். ஏன் அப்படி? பார்ப்போம்.

யார் இந்த ஜர்னைல் சிங்?

முழுப்பெயர் ஜர்னைல் சிங் தில்லான். 1936 பிப்ரவரி 20-ல் பிறந்தவர். சொந்த ஊர் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள பனாம் என்ற கிராமம். ‘ஜர்னைல்’ என்பது ராணுவ ‘ஜெனரல்’ என்ற சொல் பஞ்சாபி நாக்கில் புரண்டு வந்த வடிவம். தளபதி என்று பெயர் வைத்த பிள்ளை, பின்னாளில் களத்தின் கடைசி வரிசையில் நின்று பதினோரு பேரை வழிநடத்தினார்.

அவருக்கு 11 வயது இருக்கும்போது பஞ்சாப் இரண்டாகக் கிழிந்தது. 1947-ன் பிரிவினைக் கலவரத்தைச் சிறுவனாக நேரில் பார்த்த தலைமுறை அது. ஊரை விட்டு ஓடியவர்கள், ஊர் வந்து சேராதவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கணக்கு இருந்தது. ஜர்னைலும் அந்தக் காயத்தோடு வளர்ந்தவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 15 வருஷம் கழித்து ஜகார்த்தாவில் நடந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மாஹில்பூர்: கால்பந்து ஊர்

பஞ்சாப் என்றதும் நமக்கு ஹாக்கி ஞாபகம் வரும். ஆனால் ஹோஷியார்பூர் மாவட்டத்து மாஹில்பூரில் கதையே வேறு. அங்குள்ள கால்சா கல்லூரியின் முதல்வராக இருந்த ஹர்பஜன் சிங், கால்பந்தைக் கல்லூரியின் அடையாளமாகவே ஆக்கியவர். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைக் களத்துக்கு இழுத்து வந்தார். அவர் பெயரில் இன்றும் அந்த ஊரில் போட்டிகள் நடக்கின்றன. இந்திய அணிக்கும் பெரிய கிளப்களுக்கும் வரிசையாக வீரர்களை அனுப்பிய ஊர் அது.

1950-களில் ஜர்னைல் அந்தக் கல்லூரிக்கு வந்தார். உயரமான, வலுவான உடம்பு. பயம் இல்லாத ஆட்டம். ஆனால் அன்று இந்தியாவில் கால்பந்தை நம்பிப் பிழைக்க வேண்டுமானால் போய்ச் சேர வேண்டிய ஊர் ஒன்றுதான். அது கொல்கத்தா.

கொல்கத்தாவில் என்ன செய்தார்?

முதலில் ராஜஸ்தான் கிளப். அங்கே ஒரு சீசனிலேயே பெரிய கிளப்களின் கண் அவர் மேல் விழுந்தது. 1959-ல் மோகன் பகானுக்குப் போனார். 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேய ராணுவ அணியை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற அதே கிளப். அந்தப் பச்சை-மெரூன் சட்டையை அடுத்த பத்து வருஷம் ஜர்னைல் அணிந்தார்.

அந்த வருஷங்களில் மோகன் பகான் வென்றதைப் பாருங்கள். கொல்கத்தா லீக்கை 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை. டூரண்ட் கோப்பையை 1963 முதல் 1965 வரை தொடர்ந்து மூன்று முறை. சுனி கோஸ்வாமி போன்ற முன்கள வீரர்கள் இருந்த அணி அது. கோல்கள் அவர்கள் பெயரில் எழுதப்பட்டன. அவர்கள் துணிந்து முன்னால் ஓட முடிந்தது எதனால்? பின்னால் யார் நிற்கிறார் என்று தெரிந்ததால்.

கொல்கத்தா ரசிகர்கள் லேசில் யாரையும் கொண்டாட மாட்டார்கள். வங்காளி தெரியாத, வெளியூர்க்கார டிஃபண்டர் ஒருவரை அவர்கள் பத்து வருஷம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.

‘ஸ்டாப்பர்’ என்றால் என்ன வேலை?

இங்கே ஒரு நிமிஷம் ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம்.

பழைய கால்பந்தில் பின்னால் இரண்டே இரண்டு பேர் நிற்பார்கள். முன்னால் ஐந்து பேர். தாக்குதல்தான் ஆட்டம் என்று இருந்த காலம். பிறகு உலகம் முழுக்க இந்த அமைப்பு மாறியது. நடுவில் இருந்த ஒருவரைப் பின்னால் இழுத்து, எதிரணியின் முக்கிய கோல்காரரை மறிக்கச் சொன்னார்கள். அவர்தான் ஸ்டாப்பர். பின்னர் 4-2-4 அமைப்பு வந்தது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அதை வைத்துத்தான் உலகத்தை அசத்தியது. இந்தியாவில் அந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர் தேசியப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியர்.

ஸ்டாப்பருக்கு மூன்று வேலை. ஒன்று, வானத்தில் வரும் பந்தை எல்லாம் தலையால் முட்டி வெளியே அனுப்பணும். ரெண்டு, பந்தோடு ஓடி வருபவன் காலில் இருந்து பந்தை மட்டும் எடுக்கணும். அரை நொடி தாமதித்தால் ஃபவுல், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கோல். மூன்றாவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கணும். களம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பவர் அவரும் கோல்கீப்பரும்தான்.

ஜர்னைல் இந்த மூன்றிலும் கில்லாடி. முரட்டுத்தனமாக ஆடுவார் என்ற பேச்சும் அவரைப் பற்றி உண்டு. இறங்கினால் முழு பலத்தோடு இறங்குவார், பின்வாங்க மாட்டார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு ரொம்பக் கடினமானது. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம். பிரான்ஸோடு 1-1 என்று டிரா. பெருவிடம் 1-3 என்று தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் ஐரோப்பாவின் பெரிய அணிகள் இந்தியாவைச் சுலபமாக ஊதித் தள்ள முடியவில்லை. அந்த அணியின் பின்களத்தில் ஜர்னைலும் இருந்தார்.

ஜகார்த்தா 1962: என்ன நடந்தது?

இப்போது அந்த கோலுக்கு வருவோம்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. இந்திய அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி. பயிற்சியாளர் ரஹீம். அவர் நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

அணியில் நமக்குப் பழக்கமான பெயர்களும் இருந்தன. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடி வளர்ந்தவர். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை துளசிதாஸ் பலராம். கூடவே எத்திராஜ், அருமைநாயகம். பஞ்சாபி, வங்காளி, தமிழர், ஹைதராபாதி, கோவாக்காரர் எல்லாம் கலந்த அணி.

முதல் ஆட்டமே அடி. தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. 1956, 1960 என்று இரண்டு முறை ஆசியக் கோப்பையை வென்ற அணி தென் கொரியா. அடுத்து தாய்லாந்தோடு 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைலின் தலை உடைந்தது. தையல் போட வேண்டிய காயம். பிறகு ஜப்பானோடு 2-0 என்று வெற்றி. அரையிறுதிக்குள் நுழைந்தாயிற்று.

இங்கேதான் சிக்கல். தலையில் தையலோடு இருப்பவரை ஸ்டாப்பராக நிறுத்த முடியுமா? மேலே வரும் ஒவ்வொரு பந்தையும் முட்ட வேண்டிய இடம் அது. பந்து எப்போது வரும் என்பதை எதிரணிதான் முடிவு செய்யும். தவிர்க்கவே முடியாது. அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றிக்கொள்ளும் வசதியும் பொதுவாகக் கிடையாது. காயம் பெரிதானால் அணி பத்து பேரோடுதான் ஆட வேண்டும்.

ரஹீம் எடுத்த முடிவு யாரும் எதிர்பார்க்காதது. ஜர்னைலை உட்கார வைக்கவில்லை. பின்களத்திலும் நிறுத்தவில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். பின்களத்தை அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் போன்றோர் பார்த்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தற்காப்பில் நிற்பவர் பந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. முன்களத்தில் நிற்பவர் எந்தப் பந்துக்குப் போவது, எதை விடுவது என்று தானே முடிவு செய்யலாம். அதோடு, அவ்வளவு பெரிய உடம்பை மறிக்க எதிரணி ரெண்டு பேரை ஒதுக்கினால் பி.கே. பானர்ஜிக்கும் சுனிக்கும் பலராமுக்கும் இடம் கிடைக்கும். வாழ்க்கை முழுக்கத் தடுத்தே பழகியவருக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு டிஃபண்டர் எதற்குப் பயப்படுவார் என்பது.

அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. சுனிக்கு ரெண்டு கோல். மூன்றாவது கோல் தலையில் கட்டோடு ஆடிய ஸ்டாப்பருக்கு.

ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்திய நாள்

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரணி மறுபடியும் தென் கொரியா.

ஆனால் அன்று இந்தியாவுக்கு எதிரி மைதானத்தில் மட்டும் இல்லை. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்திருந்தது. அதை எதிர்த்து, இந்தப் போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற அங்கீகாரமே கூடாது என்ற வகையில் பேசினார் ஜி.டி. சோந்தி. இவர் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த இந்தியர். ஜகார்த்தா கொதித்தது. முந்தின நாள் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. இறுதி நாளில் புத்தம் புதிய செனாயன் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதம் ஒலித்தபோதும் கூச்சல். இந்திய வீரர் பந்தைத் தொட்டாலே கூச்சல்.

அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டிய ஒரு சின்னக் குழு இருந்ததை அன்றைய வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பாகிஸ்தான் ஹாக்கி அணி. அதே போட்டியின் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்று தங்கம் எடுத்தவர்கள் அவர்கள். பிரிவினையைச் சிறுவனாகப் பார்த்த ஜர்னைல் களத்தில் ஆட, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேலரியில் இருந்து உற்சாகப்படுத்தினார்கள்.

17-வது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்றே நிமிஷத்தில் ஜர்னைல் ரெண்டாவதை அடித்தார். 2-0. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த முன்னிலையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த தங்கராஜ் கோல் முன்னால் நின்றார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் தென் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

1951-ல் டெல்லியில் ஒன்று, 1962-ல் ஜகார்த்தாவில் ஒன்று. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவின் தங்கம் இந்த ரெண்டுதான். இன்று வரை மூன்றாவது வரவில்லை.

ஊர் திரும்பிய கொண்டாட்டமும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் சீனப் போர் தொடங்கியது. நாட்டின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. 1963 ஜூனில் ரஹீம் இறந்தார்.

அந்த கோல் எதை மறைத்தது?

இங்கேதான் நம் முதல் கேள்வி திரும்ப வருகிறது.

ஜர்னைலைப் பற்றி எழுதும் எல்லோரும் இந்த ரெண்டு ஆட்டங்களைத்தான் எழுதுகிறார்கள். அதில் தப்பில்லை, கதை அப்படி. ஆனால் இந்த ரெண்டும் அவர் தன் வேலையைச் செய்யாத ஆட்டங்கள். கோல் அடித்த ரெண்டு நாளுக்கு தேதி, நிமிஷம், ஸ்கோர் எல்லாம் பதிவில் இருக்கிறது. தடுத்த பத்து வருஷத்துக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. அன்றைய இந்திய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு முழு வீடியோவும் கிடையாது. இத்தனை டாக்கிள், இத்தனை இன்டர்செப்ஷன் என்று இன்று ஆப்பில் வருகிறதே, அதெல்லாம் அன்று யாரும் எண்ணவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அதே காலத்தில் இதே மாதிரி ஒருவர் இருந்தார். வேல்ஸ் நாட்டு ஜான் சார்லஸ். அவரும் ஸ்டாப்பராக ஆடுவார், சென்டர் ஃபார்வர்டாகவும் ஆடுவார். ரெண்டு இடத்திலும் உலகத் தரம். லீட்ஸ் அணிக்கு 1953-54 சீசனில் மட்டும் 42 லீக் கோல் அடித்தார். பிறகு இத்தாலியின் யுவென்டஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. டிஃபண்டராகவே ஆடியிருந்தால் யுவென்டஸ் அவ்வளவு பணம் கொடுத்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. உலகம் முழுக்க இதே கதைதான். தடுப்பவனுக்கு மரியாதை கிடைக்கும். கோல் அடிப்பவனுக்கு விலை கிடைக்கும்.

ஆனால் ஆட்டத்தை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு ஜர்னைலின் மதிப்பு தெரிந்திருந்தது. 1964-ல் அவருக்கு அர்ஜுனா விருது. 1965 முதல் 1967 வரை இந்தியக் கேப்டன். ஆசியாவின் சிறந்த வீரர்களைத் திரட்டி உருவாக்கிய ஆசிய நட்சத்திர அணிக்கும் அவரையே கேப்டன் ஆக்கினார்கள். ஜகார்த்தாவில் அவர் எதிர்த்து ஆடிய நாடுகளின் ஆட்களும் அவர் தலைமையை ஏற்றார்கள். கோல் கணக்கைப் பார்த்து அந்தப் பொறுப்பு வரவில்லை.

அவர் கேப்டனாக இருந்த காலம் இந்தியக் கால்பந்து சரியத் தொடங்கிய காலமும்கூட. ரஹீம் இல்லை. தங்கம் வென்ற தலைமுறை ஒவ்வொருவராக ஒதுங்கியது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு இந்தியா வெளியேறியது. தென் கொரியாவும் ஜப்பானும் இளைஞர்களுக்குப் பயிற்சி, நீண்ட காலத் திட்டம் என்று முன்னேறிக்கொண்டிருந்தன. நாம் கொல்கத்தா சீசனையே உலகம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

கோச் ஜர்னைல்: கொல்கத்தாவை விட்டுக் கிளம்பியது ஏன் முக்கியம்?

1960-களின் கடைசியில் ஜர்னைல் மோகன் பகானை விட்டுப் பஞ்சாப் திரும்பினார். அங்கே இருந்துதான் அவருடைய ரெண்டாவது வாழ்க்கை.

அன்று மாநில அணிகளுக்கான தேசியப் போட்டி சந்தோஷ் டிராபி. இன்று ஐ.எஸ்.எல். பார்க்கும் தலைமுறைக்கு அதன் மதிப்பு புரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் நாட்டின் கால்பந்துப் பலம் எங்கே இருக்கிறது என்று காட்டியது அந்தக் கோப்பைதான். வங்காளம் அதைத் தன் வீட்டுப் பண்டம் போல வைத்திருந்தது. நமக்குப் பக்கத்து மைசூர் மாநிலமும் பெரிய சக்திதான். 1967-68, 1968-69 என்று தொடர்ந்து ரெண்டு முறை கோப்பையைத் தூக்கியது. பெங்களூரின் அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வளர்ந்த கால்பந்து அது.

பஞ்சாப் அதுவரை ஒரு முறைகூட வென்றதில்லை. 1970-ல் ஜபல்பூரில் நடந்த போட்டிக்கு ஜர்னைல் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் போனார். இறுதியில் எதிரணி மைசூர். முதல் ஆட்டம் டிரா ஆகி, மறுபடி ஆடி, பஞ்சாப் வென்றது. மாநிலத்தின் முதல் சந்தோஷ் டிராபி.

ஆடிக்கொண்டே கோச்சாக இருப்பது சுலபமான வேலை இல்லை. வெளியே நிற்கும் கோச் ஆட்டத்தை முழுசாகப் பார்க்கலாம். உள்ளே நிற்பவர் பார்த்துக்கொண்டே ஓடவும் வேண்டும். ஆனால் ஸ்டாப்பருக்கு இது ஓரளவு பழகிய விஷயம். முழுக் களமும் அவர் கண் முன்னால்தான் இருக்கிறது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதே அவருடைய பாதி வேலை. ஜர்னைலுக்குப் பிறகும் இந்தியாவில் அது தொடர்ந்தது. 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் கேப்டன் சையது நயீமுதீன், டிஃபண்டர். அவரும் பின்னாளில் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

23 கோல், ஆனால் யாருடைய பெயரில்?

நான்கு வருஷம் கழித்து, 1974-75 சந்தோஷ் டிராபி பஞ்சாபின் ஜலந்தரிலேயே நடந்தது. பயிற்சியாளர் ஜர்னைல். அணியின் முன்களத்தில் இந்தர் சிங். பக்வாராவைச் சேர்ந்த இவர் 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ரெண்டு கோல் அடித்தவர். அந்த வருஷம் இந்தியா ரெண்டாம் இடம் பிடித்தது.

ஜலந்தரில் இந்தர் சிங் அடித்தது 23 கோல். ஒரே சந்தோஷ் டிராபியில் ஒருவர் அடித்த சாதனை அது. இறுதியில் எதிரே வங்காளம். பஞ்சாப் 6-0 என்று வென்றது. வங்காளத்துக்கு எதிராக இறுதியில் ஆறு கோல் என்பது அன்று யாரும் கனவிலும் நினைக்காத ஸ்கோர்.

அந்தப் போட்டியைப் பற்றி எங்கே படித்தாலும் 23 என்ற எண்ணும் இந்தர் சிங்கின் பெயரும் வரும். வரத்தான் வேண்டும், அடித்தது அவர். கோச்சின் பெயர் சில இடத்தில் ஒரு வரியில் வரும், பல இடத்தில் வராது.

அதாவது, ஆட்டக்காரராக இருந்தபோது ஜர்னைல் செய்த வேலை நடக்காமல் போன கோல்களில் கரைந்தது. கோச் ஆனபோது செய்த வேலை மற்றவர் அடித்த கோல்களில் கரைந்தது. ரெண்டு முறையும் ஸ்கோர்போர்டு அவர் பக்கம் திரும்பவில்லை. நடுவில் ஜகார்த்தாவில் ரெண்டே ரெண்டு நாள் மட்டும் திரும்பியது. அதுவும் ஒரு கோச்சின் முடிவால். ரஹீம் தன்னிடம் காட்டிய நம்பிக்கையை ஜர்னைல் அடுத்த தலைமுறையிடம் காட்டினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

கோச் வேலைக்குப் பின் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். 2000 அக்டோபர் 13-ல் கனடாவின் வான்கூவரில் இறந்தார். வயது 64.

சுருக்கமாக

• பிறப்பு: 1936 பிப்ரவரி 20, இறப்பு: 2000 அக்டோபர் 13
• இடம்: ஸ்டாப்பர், 1962 அரையிறுதி, இறுதியில் மட்டும் சென்டர் ஃபார்வர்ட்
• கிளப்: ராஜஸ்தான் கிளப், 1959 முதல் மோகன் பகான்
• நாட்டுக்காக: 1960 ரோம் ஒலிம்பிக், 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1965-67 கேப்டன்
• விருது: அர்ஜுனா, 1964
• பயிற்சியாளராக: பஞ்சாபுக்கு 1970, 1974-75 சந்தோஷ் டிராபி

இப்போது ஏன் இந்தக் கதை?

2024-ல் வந்த ‘மைதான்’ படம் ரஹீமின் வாழ்க்கையைச் சொன்னது. அதன் பிறகு பலர் ஜகார்த்தா தங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் சினிமாவிலும் கேமரா பந்து போகிற பக்கம்தான் போகும். ஸ்டாப்பரின் வேலை பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது.

நம் பக்கத்தில் கால்பந்து பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஓசூரில் இருந்து பஸ் பிடித்துக் கண்டீரவா மைதானத்துக்குப் பெங்களூரு எஃப்.சி. ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே முழு ஆட்டத்தையும் நேரில் பார்ப்பதில் டிவியில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. கேமரா காட்டாத இடத்தையும் பார்க்கலாம்.

அடுத்த முறை போனால் ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுவிடுங்கள். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற ஆளை மட்டும் பாருங்கள். அவர் கையைக் காட்டி யாரை எங்கே நகர்த்துகிறார், எதிரணி ஃபார்வர்ட் ஓடத் தொடங்கும் முன்பே எந்தப் பக்கம் ரெண்டு அடி வைக்கிறார், எந்தப் பந்து அவரால் வராமலே போனது என்று எண்ணிப் பாருங்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு நல்ல எண் வரும். ஜர்னைல் சிங்குக்கு யாரும் எழுதி வைக்காத எண் அதுதான்.